கோடி போன நாளின் படம்

ஊரே சிரிப்பு என்று நினைவில் வைத்திருக்கும் ஒரு முகத்தை, அது அலறல் என்று முகத்துக்கு உரியவளே சொன்னால் யாரை நம்புவது?

செங்கல்பட்டில் இட்லிக்கடை வைத்திருக்கும் சின்னப்பொண்ணுவின் வாழ்க்கை இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டது. ஆறு வருடங்களுக்கு முன் கடைக்கு நேர் எதிரே பாரம்பரியச் சுவர் ஒன்றை எழுப்பி, ஊரின் பழைய புகைப்படங்களை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி ஒட்டினார்கள். நடுப்படத்தில் இருந்தது அவள். பத்தொன்பது வயது, இரண்டு கைகளும் மேலே, வாய் அகலத் திறந்திருக்கிறது. கீழே, ‘ஏரி கோடி போன நாள். மகிழ்ச்சியில் உழவர் மகள்.’

ஏரி நிரம்பி, உபரிநீர் கலங்கல் வழியே வெளியேறுவதைக் கோடி போவது என்பார்கள். அன்று அவள் கிராமத்தில் கற்பூரம் கொளுத்துவார்கள். ஆண்கள் வலையோடு கலங்கலுக்குக் கீழே இறங்கி, துள்ளி விழும் மீனைப் பிடிப்பார்கள். அன்று அவளுடைய அண்ணன் ஆனந்தனும் இறங்கினான். தண்ணீரின் வேகம் கூடுவதைக் கரையிலிருந்து பார்த்தவள் ‘ஏறு, ஏறு’ என்று கத்தினாள். படமெடுத்தவர் அவளை மட்டும் பார்த்தார். ஆனந்தனின் உடல் மறுநாள் மதியம் கிடைத்தது.

சுவர் திறந்த வாரமே, அது சிரிப்பில்லை என்று நகராட்சியில் மனு கொடுத்தாள். அதை வாங்கிய எழுத்தர் செல்போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “சிரிக்கிற மாதிரிதானேம்மா இருக்கு?”

கடையை மாற்றப் பார்த்தாள். வேறு இடம் அமையவில்லை. “இன்னாக்கா, செவுத்துல மட்டும் சிரிக்கிற, எங்களுக்கு உர்ருனு இட்லி வைக்கிற?” என்பான் ஆட்டோ ஓட்டும் கலையரசன்.

“துன்னுட்டு கெளம்புடா.”

ஏரி கோடி போன அன்று அதே கரையில் நின்றிருந்தவன் அவள் கணவன் துரை. போன ஐப்பசி மழையைப் பார்த்துக்கொண்டே அவனும் சொன்னான்: “அன்னிக்கு ஊருக்கே இன்னா சந்தோஷம்டி!” சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. படம் தினமும் பேசியது. அவள் ஒருமுறைதான் பேசியிருந்தாள்.

இந்தத் தை மாதம் சுவரைப் புதுப்பிக்கும் வேலைக்கு திவ்யா என்ற பெண் வந்தாள். பழைய மனுவைப் படித்திருந்தாள். ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள்.

“நீங்களே எழுதுங்கக்கா. அப்படியே கீழ போடுறோம். அண்ணன் பேரோட.”

சின்னப்பொண்ணு கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எதிரே பள்ளிப் பிள்ளைகள் சிலர் கைகளைத் தூக்கி, வாயைத் திறந்து, அவளைப் போலவே நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

“அந்த எழுத்த எடுத்துடு. வேற ஒண்ணும் எழுதாத.”

“அண்ணன் பேரு?”

“வாணாம்மா. அவன் பேருக்கு மேலயும் இப்படித்தான் நின்னு படமெடுப்பாங்க.”

இப்போது அந்தப் படத்தின் கீழே மட்டும் எழுத்தில்லை. ஏன் என்று துரை கேட்டான். அவள் இட்லித் தட்டில் ஈரத்துணியை விரித்துக்கொண்டிருந்தாள்.