ஈரமான ஒரு காலும் முதலாம் உலக யுத்தமும்

நேற்று சாய்ந்தமருதில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனோம். மகனின் போனுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வழி சொல்லிக்கொண்டே வந்தது. ஓரிடத்தில் பிழையாகத் திரும்பிவிட்டோம். அவள் கோபிக்கவில்லை, வேறு வழி சொன்னாள். காருக்குள் அத்தர் வாசம். எனக்குச் சரயேவோ ஞாபகம் வந்தது. காலமெல்லாம் சரித்திரம் படிப்பித்தவனுக்கு ஞாபகங்கள் இப்படித்தான் கோணலாக வரும்.

ஆஸ்திரியாவின் பட்டத்து இளவரசர் மனைவியோடு அந்த ஊருக்குள் காரில் போனார். காலையில் அவர்மேல் எறிந்த குண்டு குறி தப்பிவிட்டது. போகும் பாதையை மாற்றினார்கள். டிரைவரிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அவர் பழைய பாதையில் திரும்பி, பிழை தெரிந்து நிறுத்தினார். துப்பாக்கிக்காரன் நின்றது அங்கேதான்; அவன் சுட்டதில்தான் முதலாம் உலக யுத்தம் தொடங்கியது.

இதே அத்தர் வாசத்தோடு நானும் ஒருநாள் காரில் போனேன், மாப்பிள்ளையாக. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. ஊர்வலமாகக் கொண்டுபோய் விடுவார்கள். நான் தொப்பியைச் சரிசெய்து முடிப்பதற்குள் ஊர்வல வேன்கள் முன்னால் போய்விட்டன. காரோட்டிய என் மாமி மகன் மச்சானுக்குத் தெரிந்தது "பந்தல் போட்ட வீடு" மட்டும்தான். அன்று பக்கத்துப் பக்கத்துச் சின்னத் தெருக்களில், எங்கள் பேச்சில் ஒழுங்கைகளில், இரண்டு பந்தல். அவனிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

முதல் பந்தலில் நிறுத்தினான். பெண்கள் நாக்கைச் சுழற்றிப் போடும் குரவை கேட்டது. பெண்ணின் தம்பி ஓடிவந்து என் வலது காலைக் கழுவினான். வழக்கப்படி நானும் மோதிரத்தை அவன் விரலில் போட்டேன். எனக்கென்ன தெரியும்? பெண்ணையே ஒருதரம்தான் பார்த்திருந்தேன், தம்பியை எங்கே பார்த்தேன்? இடது காலை நீட்டும்போது, பின்னால் அந்த வீட்டின் சொந்த மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது.

என்னைத் தேடி, எனக்கு மாமனாராக இருந்த மாமாவும் வந்துவிட்டார்.

"எங்கட மாப்பிள்ளையட காலை நீங்க என்னெண்டு கழுவுவீங்க?"

"வாசல்ல வந்து கால நீட்டினா கழுவாம என்ன செய்யிற?"

மாமாவுக்குப் பின்னால் எங்கள் குடி, வம்சத்துச் சொந்தமெல்லாம். அந்த வீட்டாருக்குப் பின்னால் அவர்கள் குடி. அந்தக் குடியில் பெண் எடுத்த இன்னொரு குடி சாரனை மடித்துக் கட்டியது. இரண்டு நிக்காஹ்வும் நின்றுபோகும் போலிருந்தது. நான் ஒரு கால் ஈரமாக, ஒரு கால் காய்ந்து, மனதுக்குள் வகுப்பெடுத்தேன்: ரஷ்யா வந்தாச்சு, ஜெர்மனி வந்தாச்சு, பிரான்ஸ் வந்தாச்சு. பிரித்தானியா மட்டும் எதிர்த் தேத்தண்ணிக் கடையிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது.

அந்த மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினார். என் கால்களைப் பார்த்தார்.

"மாஸ்டர், மத்தக் காலையும் கழுவிட்டுப் போங்க. எனக்கு அவசரமில்ல."

முதலில் சிரித்தது மாமாதான். பிறகு சர்பத் வந்தது. தம்பி மோதிரத்தைக் கழற்றப் போனான். "வெச்சிக்க மகன், ஒரு காலெண்டாலும் கழுவினதுதானே" என்றார் மாமா. அடுத்த ஒழுங்கையில், சொந்த மச்சினனுக்கு மோதிரத்துக்குப் பதிலாக என் கைமணிக்கூடு போனது.

வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வேன்: சுட்டவுடன் யுத்தம் வரவில்லை, ஏறக்குறைய ஒரு மாசம் கதைத்துக்கொண்டிருந்தார்கள், படைகளும் ஒப்பந்தங்களும் முன்பே தயாராக இருந்தன. சரி, அந்த மாசத்தில், ஒன்றுக்குள் ஒன்றாகச் சொந்தக்காரர்களான அந்த ராஜாக்களில் ஒருவருக்காவது "எனக்கு அவசரமில்ல" என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை? 

நேற்று மண்டபத்தில் யாரும் யார் காலையும் கழுவவில்லை. மாப்பிள்ளை சப்பாத்தோடு மேடையில் ஏறி, போட்டோவுக்கு நின்றார். திரும்பும்போது, போனை நிறுத்திவிட்டு ஏதாவது ஒரு ஒழுங்கைக்குள் திருப்பச் சொன்னேன்.

"எந்த ஒழுங்கை வாப்பா?"

எட்டிப் பார்த்தேன். பிழையாகப் போய் நிற்பதற்கு ஒரு பந்தல்கூட இல்லை.