உயிருள்ள கல்லைத் தேடிக் கீழவைப்பாருக்கு

எழுபத்து நான்காம் ஆண்டு, மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. காலை ஆறு மணிக்கு நானும் என் தோழி செலினும் தூத்துக்குடியில் எங்கள் கல்லூரி விடுதியை விட்டுக் கிளம்பினோம். வெளியே போகிறவர்கள் ஏட்டில் காரணம் எழுத வேண்டும். செலின், "அக்காள் வீடு" என்று எழுதினாள். நான், "பவளம் பார்க்க" என்று எழுதினேன். அதைப் படித்த வார்டன் அம்மா நான் நகைக்கடைக்குப் போகிறேன் என்று நினைத்து, "பணத்தப் பத்திரமா வச்சுக்க" என்று சொல்லி அனுப்பினார்.

நான் நாசரேத்துக்காரி, வாத்தியார் மகள், விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி. பவளம் என்பது வெறும் கல் அல்ல, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து கட்டிக்கொண்ட வீடு என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவள். ஆனால் நான் பார்த்ததெல்லாம் செத்து வெளுத்த ஓடுகளை மட்டுமே. கடலுக்குள் அவை சின்னச் சின்னக் கைகளை நீட்டி இரை பிடிக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லியது. அதை ஒரே ஒரு தடவை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆறு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தேன். செலினின் அக்காள் கணவர் சவரிமுத்து கீழவைப்பாரில் சங்கு குளிப்பவர் என்று தெரிந்த நாளிலிருந்து அவளை நான் நிம்மதியாகத் தூங்கவிடவில்லை.

ஆறரை மணிக்கு வேம்பார் வண்டி. டிக்கெட் ஒரு ரூபாய் இருபது காசு. ஊரைத் தாண்டியதும் சாலைக்கு இரண்டு பக்கமும் உப்பளங்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே கண் கூசியது. தருவைகுளத்தைத் தாண்டிய பிறகு, எதிரே ஒரு லாரி தண்ணீர் சொட்டச் சொட்டக் கல் ஏற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வண்டி ஒதுங்கி வழிவிட்டது.

"என்ன கல்லு அண்ணாச்சி?" என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"காளவாசலுக்குப் போவுதும்மா. சுட்டா பால் கணக்கா சுண்ணாம்பு கெடைக்கும். கடல்ல சும்மா கெடக்க கல்லுதான."

செலின் என் விலாவில் இடித்தாள். "ஏளா எஸ்தர், நீ பாக்கப் போறது அதத்தாம்ளா."

நான் திரும்பி, அந்த லாரி கண்ணுக்கு மறையும்வரை பார்த்தேன். இத்தனை நாள் நான் பார்க்க ஏங்கியது, நான் படிக்கும் ஊரின் வழியாகத்தான் தினமும் சூளைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

எட்டு மணிக்கு வைப்பாரில் இறங்கிக் கடற்கரையை நோக்கி நடந்தோம். மூன்று கிலோமீட்டர் என்றாள் செலின். என் காலுக்கு ஐந்து. அக்காள் பாத்திமா வாசலிலேயே காத்திருந்தாள். வந்ததும் ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள். இனிப்பாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்க வாயெடுத்தபோது செலின் கண்ணால் தடுத்தாள். ஊர்க் கிணற்று நீர் உப்பாம். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் விடியுமுன் போய், வறண்ட ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் கோரிக் குடத்தை நிரப்பிச் சுமந்து வர வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு குடம் கிடைத்தால் பெரிது.

ஒன்பது மணிக்குக் கரையில் வள்ளம் தயாராக நின்றது. சங்கு சரியாகப் படாத நாட்களில் சவரிமுத்துவும் கல் எடுக்கத்தான் போவார். வள்ளத்துக்குள் இரண்டு கடப்பாரைகள் கிடந்தன. என்னையும் கூட்டிப்போகும்படி கேட்டேன். பொம்பளையை வள்ளத்தில் ஏற்றும் வழக்கம் இல்லை என்றார். நான் விடவில்லை.

"சரி, ஏத்துதேன்னே வையி. நீ முங்குனா கயித்த யாரு பிடிப்பா?"

"உங்களுக்கு யார் பிடிக்கிறது?"

அவர் வள்ளத்தில் நின்ற அந்தோணியைக் காட்டினார். முங்குபவரை மேலே இழுக்கும் கயிற்றைப் பிடிக்கும் அந்தோணி செலினுக்கு அண்ணன். "எம் பெண்டாட்டி கூடப் பொறந்தவன். இங்கன மச்சான் கையிலதான் கயித்தக் குடுப்போம். அவன் அசந்தா அவன் தங்கச்சி தாலிதான போவும்? அதனால அசர மாட்டான். ஒனக்கு ஒருத்தன் கயிறு பிடிச்சா, அவன் யாரு தாலிய நெனச்சுப் பிடிப்பான்?"

கரையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே இறங்கி வந்தார். "அழாத பிள்ள. ஒரு கல்ல நோகாமப் பேத்து, கடத் தண்ணியோடவே வாளியில வச்சுக் கொண்டாரேன்."

வள்ளம் போனது. அவர்கள் கல் எடுக்கும் தீவு தூரத்தில் ஒரு கரிக்கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே என்னென்ன நிறங்கள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தேன். நீச்சல் தெரியாது, வள்ளமும் ஏற முடியாது. பார்க்கத் துடிக்கும் கண்ணை மட்டும் கடவுள் ஏன் கொடுத்தார் என்று அன்று அவரோடு கொஞ்சம் சண்டை போட்டேன்.

இரண்டேகாலுக்கு வள்ளம் திரும்பியது. விளிம்புவரை கல். ஒரு தகர வாளியை மட்டும் ஈரச்சாக்கு போட்டு மூடி, சவரிமுத்து தன் கையாலேயே தூக்கி வந்தார். உள்ளே தேங்காய் அளவில் பழுப்பாக, வழவழவென்று ஏதோ கிடந்தது. இதற்காகவா என்று இருந்தது. வீட்டுப் பின்புறம் ஓலைத்தட்டி நிழலில் வாளியை வைத்து, பக்கத்தில் குந்திக்கொண்டேன். சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை.

மூன்று மணி இருக்கும். அந்தப் பழுப்புத் தோலில் ஊசிமுனை போல ஒன்று எழும்பியது. பிறகு பக்கத்தில் ஒன்று. பிறகு நூறு. ஒவ்வொன்றின் நுனியிலும் இளம்பச்சை விரல்கள் விரிந்தன. தண்ணீர் லேசாக ஆடினால் அத்தனையும் சேர்ந்து ஆடின. புத்தகம் சொன்னது உண்மைதான். ஆனால் அது எவ்வளவு அழகு என்று புத்தகம் சொல்லவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கால் மணி நேரம் பார்த்தேன். உள்ளேயிருந்து சவரிமுத்து, "சோறு ஆறுது, அது எங்கயும் ஓடிராது" என்று அதட்டினார். வந்த வீட்டில் சாப்பிடாமல் இருப்பது மரியாதையில்லை என்று எழுந்து போனேன். மீன்குழம்பு. பாதிச் சாப்பாட்டில் பரிமாறிக்கொண்டிருந்த அக்காளைக் காணோம்.

கைகழுவிவிட்டு ஓடினேன். வாளியில் தண்ணீர் அடிவரை தெளிந்து கிடந்தது. ஒரு விரல்கூட வெளியே இல்லை. தோல் மேல் சளி போல ஏதோ வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் காலிக் குடத்தோடு பாத்திமா அக்காள் நின்றாள்.

"கலங்கத் தண்ணியில பாவம், மூச்சுமுட்டிக் கெடந்துச்சு. நீ அவ்வளவு ஆசையாப் பாத்தியே. அதான் ஊத்துத் தண்ணிய மாத்தி ஊத்துனேன். இப்ப நல்லாருக்குல்லா?"

கடலிலேயே பிறந்த உயிருக்கு நல்ல தண்ணீர் நஞ்சு. எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. தன் வீட்டில் இருந்ததிலேயே விலையேறிய பொருளை, அன்று முழுவதும் குடிக்க வேண்டியதை, அந்தக் கல்லுக்குக் கொடுத்துவிட்டாள்.

"நல்லாருக்குக்கா" என்றேன்.

அவள் உள்ளே போனதும் வாளியைக் கரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, நன்னீரைக் கொட்டிவிட்டுக் கடல் நீரை மொண்டேன். ஐந்து மணிவரை அலை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். விரியவில்லை. சவரிமுத்து வந்து தொட்டுப் பார்த்து, "போச்சு பிள்ள" என்றார்.

அக்காள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்த இடத்திலிருந்து அதைப் பெயர்க்க வைத்தவள் நான்தானே. என் பக்கத்திலேயே ஒரு வள்ளம் நிறையக் குவித்து வைத்த கல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அத்தனையிலும் காலையில் விரல்கள் இருந்திருக்கும். அவற்றுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"இது எங்கே இருந்தது அண்ணாச்சி?"

"தீவுக்கு அந்தாண்ட. முன்னெல்லாம் இந்தாண்ட இடுப்பளவுத் தண்ணியிலயே கெடந்துச்சு. எடுத்து எடுத்து, இப்ப வெறும் மணலு."

"நான் படிச்சு முடிச்சு, நீச்சலும் பழகிட்டு வாரேன். நானே முங்கிப் பாக்கணும். அதுவரைக்கும் இருக்குமா?"

"கடல் எங்க போவப் போவுது? வா."

"கல்லு?"

அவர் அந்தோணியைப் பார்த்தார். அந்தோணி கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சவரிமுத்து வாளியை எடுத்துக்கொண்டே சொன்னார்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. நாங்க கடலுக்குப் போவ மாட்டோம். நாளைக்கு இருக்கும்."

ஆறேகால் வண்டியைப் பிடித்து எட்டு மணிக்கு விடுதிக்குத் திரும்பினோம். மறுநாள் காலை கோயிலில் வழக்கம்போல நீண்ட பிரசங்கம். எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்ப்பதுதான் நாசரேத்திலும் சரி, இங்கும் சரி, சின்ன வயதிலிருந்து என் பழக்கம். அன்று பார்க்கவில்லை. தீவுக்கு அந்தாண்டை அவை கைகளை நீட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடியிருந்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமை முடியவே கூடாது, ஆண்டவரே என்று அன்றுதான் முதன்முதலாக ஜெபித்தேன்.