எடுக்கல சாமி

"நனஞ்ச கடுக்காய காஞ்சதோட கலந்துட்டேன் சாமி. என்னை அறஞ்சவன் மாட்டுக்குக் கழிச்சல் வரணும்னு நெனச்சேன். அவ்ளோதான் சாமி."

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் பிலோமினாளின் குரல் கேட்கிறது. ஊர் விசாரணையில் கன்னத்தில் விழுந்த அறையால் காது மந்தமாகிவிட்டது. மெல்லப் பேச வரவில்லை. சனிக்கிழமைதோறும் சாமியார் அவளிடம் கேட்பது ஒன்றுதான்: "கிரீடம்?"

"எடுக்கல சாமி."

பாவமன்னிப்பு இல்லாமல் எழுந்து வருவாள்.

மூன்று வருஷத்துக்கு முன், திருவிழாவுக்கு முந்தின நாள், இந்த அடிவாரக் கோயிலில் மாதா சுரூபத்தின் வெள்ளிக் கிரீடம் காணாமல் போனது. அன்று கோயில் பெருக்கியவள் இவள். அதற்கு மேல் சாட்சி யாருக்கும் தேவைப்படவில்லை. தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொள்கிறார்கள்.

ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் கடுக்காயை ஹனீஃபா சாயபுவின் மண்டியில் காயவைத்துப் பொறுக்குவது அவள் பிழைப்பு. விரல்களில் கறுப்பு ஏறிப்போயிருக்கிறது. மண்டிச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். சாயபு ஒரு நாளும் அதைத் திருப்பிக் கேட்டதில்லை.

இப்போது இருமினால் ரத்தம் வருகிறது. பாவமன்னிப்பு இல்லாதவளுக்குப் பூசையில் நாக்கில் வைக்கும் அப்பமான நன்மையும் கிடையாது. நன்மை வாங்காமல் செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது, வேலிக்கு வெளியேதான் என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே புருஷன் பக்கத்தில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டு வைத்திருக்கிறாள் பாவி மனுஷி.

நான் வேதக்காரன் அல்ல. காட்டிலாகா வேலையாக வந்தவன். ஒரு சனிக்கிழமை மண்டியில் அவளைப் பார்த்தபோது எனக்கே பொறுக்கவில்லை. "ஒத்துக்கொண்டுதான் தொலையேன் அம்மா, ஒரு வார்த்தைதானே!" என்று கத்தினேன்.

"எடுக்காதத எடுத்தேன்னு சொன்னா பொய்யாச்சேங்க. பொய் சொன்ன நாக்குல ஆண்டவர எப்டிங்க வாங்குறது?" கடுக்காயைத் தள்ளிக்கொண்டே சொன்னாள். ஒரு சொத்தையை எடுத்து எறிந்துவிட்டு, "அவுருக்குத் தெரியும்தானேங்க? மூணு வருசமா கேட்டுக்கினே கீறேன். ஒரு பேச்சு இல்ல. அவுருக்கும் காது போச்சோ இன்னாவோ" என்றாள்.

மறுநாள் பூசைக்கு நானும் போய்ப் பின்னால் நின்றேன். பிலோமினாள் முக்காடிட்டுக் பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியோரம் எல்லோருக்கும் நடுவில் முழங்காலிட்டு, வாயைத் திறந்து காத்திருந்தாள். நன்மை கொடுத்துக்கொண்டே வந்த சாமியார் அவளைத் தாண்டிப் பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்தார். அந்த வரிசை எழுந்து போனது. அடுத்த வரிசை வந்து முழங்காலிட்டது. அவள் எழவில்லை. சாமியாரின் அங்கி மறுபடி தன் பக்கம் அசைந்து வருவது தெரிந்ததும், கண்ணை மூடிக்கொண்டு, திரும்பவும் வாயைத் திறந்தாள்.