கார்லா மேடம் நின்ற இடம்

அக்காவின் விரல்களில் எப்போதும் "சொல்யூஷன்" வாசனை அடிக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு அவள் சோறு பிசைந்து கொடுத்தாலும், ஷூவின் மேல்தோலை ஒட்டும் அந்தப் பசையின் நெடி சோற்றோடு சேர்ந்துதான் உள்ளே போகும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவள் தையல் மிஷினில் இருந்தாள். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அப்பா இருமலோடு படுத்துவிட்டதால், வீட்டில் அடுப்பு எரிந்தது அவளால்தான். நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியிருந்தேன்.

அந்தக் கோடையில் ஜெர்மனியிலிருந்து கார்லா மேடம் வந்தார், தன் கம்பெனிக்காக இங்கே தைக்கும் ஷூக்களின் தோலைச் சோதிக்க. தோலை மடித்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பிடிக்காததில் வெள்ளைப் பென்சிலால் பெருக்கல் குறி போடுவார். குறி விழுந்தால் "ரிஜெக்ட்". அதை யார் எடுத்துப் போனாலும் கேட்பாரில்லை. குறி விழாத தோல் விரலளவு கேட்டைத் தாண்டினாலும் எடுத்தவரின் வேலை போய்விடும்.

சாயங்காலங்களில் மேடம், இடது முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, பாலாற்று மணலில் எங்களோடு கால்பந்து விளையாடுவார். அவர் கதையைச் சூப்பர்வைசர் ரஹமத் பாய்தான் தமிழில் சொன்னார். சிறுமியாக இருந்தபோது கிளப்புகளில் பெண்களைச் சேர்க்கவில்லையாம்; அண்ணன்களோடு தெருவில் ஆடியிருக்கிறார். கிளப்புகள் பெண்களுக்குக் கதவு திறந்ததும் ஊர் அணி, பிறகு நாட்டு அணி. பகலில் செருப்புக் கடையில் வேலை, பொழுது சாய்ந்தால் ஆட்டம். முழங்கால் முறிந்ததும் எல்லாம் நின்றுபோனது.

"மொத்தம் எத்தினி கோலு பாய்?" என்றான் ஒருவன்.

"மூணு."

"அவ்ளோ கம்மியா? அப்பறம் இன்னா பிளேயரு?"

பாய் மேடத்திடம் கேட்டுச் சொன்னார்: "நடுவுல நிக்கிறவங்கடா அவங்க. எவ பக்கத்துல எதிராளி இல்லாம சும்மா நிக்கறாளோ பாத்து அவளுக்குப் பந்தைக் குடுக்கறதுதான் வேலை. பேரு அவளுக்கு, ஓட்டம் இவங்களுக்கு."

நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாத எனக்கு அந்த இடம் மிகவும் பிடித்துப்போனது. மேடம் ஊருக்குப் போகும் நாள் நெருங்கியபோது, ஒரு பந்து தைத்துக் கொடுக்கலாம் என்று அக்காவிடம் சொன்னவன் நான்தான். ரிஜெக்ட் தோலில் தைத்திருந்தால் வம்பில்லை. ஆனால் அக்கா, "மேடத்துக்குப் போயி ரிஜெக்டா குடுப்பாங்க?" என்று, கம்பெனியில் குறி விழாமல் இருந்ததிலேயே மெத்தென்ற தோலில் யாருக்கும் தெரியாமல் வெட்டிவிட்டாள். எங்கள் ஊரில் நல்ல தோல் என்றால் மெத்தென்ற தோல்தான். பந்துக்கு அது ஆகாது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

வழியனுப்பு விழாவுக்குத் தெருப் பிள்ளைகளையும் உள்ளே விட்டார்கள். அங்கே வைத்துக் காற்று ஏற்ற ஏற்ற அந்தத் தோல் இழுபட்டு, பந்து ஒரு பக்கம் புடைத்தது.

"இன்னா தங்கச்சி, பந்தா பூசணிக்காயா?" என்றார் பாய். கூடம் சிரித்தது. வாங்கிப் பார்த்த மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

"இது மேடம் ஆர்டர் தோலாச்சே. யார் வெட்னது?"

அக்கா தலையைக் குனிந்தாள். நான்தான் சொன்னேன் என்று நாக்கு வரை வந்தது, வெளியே வரவில்லை. மேடம் பந்தை வாங்கி, புடைத்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், அக்காவைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து வெள்ளைப் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் பெருக்கல் குறி போட்டார்.

"ரிஜெக்டாம் சார்," என்றார் பாய். "இழுவை ஜாஸ்தியாம்."

தோலை வாங்குகிறவரே கழித்துவிட்டதால், மேனேஜர் அடுத்து மாலையைக் கொண்டுவரச் சொன்னார். மேடம் அந்தப் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே கார் ஏறினார். அக்கா அதே மிஷினில் இன்னும் இருபது வருஷம் இருந்தாள்.

இன்று அந்தக் கம்பெனி இல்லை. அந்தக் கட்டடத்தையே கல்யாண மண்டபமாக்கிவிட்டார்கள். பாலாற்றில் ஆடுவதற்கு மணலும் இல்லை. மேடத்தின் முழுப்பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாததால், என் மகள் போனில் தேடியும் கிடைக்கவில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்த மண்டபத்துக்குப் போயிருந்தபோது, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவிடம், "அன்னிக்கு நான் வாயைத் தொறந்திருக்கணும்க்கா," என்றேன்.

"தொறந்திருந்தா ரெண்டு பேரும் மாட்டிக்கினு இருப்போம். சாப்புடுடா," என்றாள் அக்கா. என்னைச் சாப்பிடச் சொல்லிவிட்டு அவள் சாப்பிடவில்லை. தன் மிஷின் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் இருந்தது என்று அந்தக் கூடத்தில் தேடிக்கொண்டிருந்தாள்.