பிழைக்கத் தெரிந்த சகலை

என் சகலையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. அவன் கெட்டவன் என்பதால் அல்ல. கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! குடிப்பான், ஊரெல்லாம் வம்பு இழுப்பான், பொண்டாட்டியைக் கைநீட்டி அடிப்பான் என்றால், குடும்பத்தில் பெரிய மாப்பிள்ளை என்ற கெத்தோடு நான் பாட்டுக்கு நிம்மதியாக இருந்திருப்பேன். அவனிடம் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய குறை.

நான் அக்காவைக் கட்டியவன், அவன் தங்கையைக் கட்டியவன். இருவருக்கும் வேலை ஒரே இடத்தில், பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில். நான் ஸ்டோர் கீப்பர். போல்ட், நட்டு, பெயின்ட் டப்பா, ரெக்சின் சுருள் எல்லாம் என் சாவிக்குள். அவன் சீட் தைக்கிறவன். ஃபோமின் மேல் ரெக்சினைப் போட்டு, முழங்காலால் அமுக்கி, சுருக்கம் விழாமல் இழுத்துத் தைப்பான். எனக்கு மேஜையும் மின்விசிறியும் உண்டு. அவன் நாள் முழுக்கத் தரையில். இந்த வித்தியாசத்தை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. அவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

ஒரு வருஷமாகப் பட்டறைக்குப் புது ஆர்டர் இல்லை. வாரத்தில் மூன்று நாள் வேலை, பாதிச் சம்பளம் என்று ஆகிவிட்டது. கஷ்டம் இரண்டு வீட்டுக்குள்ளும் ஒரே மாதத்தில்தான் நுழைந்தது. சொல்லப்போனால் அவன் சம்பளம் என் சம்பளத்தைவிடக் குறைவு. ஆனால் என் வீட்டில் கஷ்டம் வில்லங்கம் பிடித்த விருந்தாளி மாதிரி நடு வீட்டில் உட்கார்ந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தது. அவன் வீட்டில் இருக்கிற இடமே தெரியவில்லை.

எப்படி என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் ரகசியமாக எங்கோ சம்பாதிக்கிறான் என்று முதலில் நினைத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலைமெனக்கெட்டு அவன் பின்னாலேயே சுற்றினேன். காலையில் சந்தை கலைகிற நேரத்துக்குப் போய், மீந்து கிடக்கிற காயை அடி விலைக்கு வாங்கினான். பழைய இரும்புக் கடையில் ஒரு சைக்கிள் பெடலைப் பார்த்தான், விலை கேட்டான், வைத்துவிட்டு வந்துவிட்டான். மத்தியானம் வாசலில் உட்கார்ந்து மகனுக்கு முடி வெட்டினான். அவ்வளவுதான். ஒளிந்து நின்ற எனக்குக் கால் வலித்தது.

அந்த முடி வெட்டு விஷயத்தில் நானும் போட்டிக்கு இறங்கினேன். அவனால் முடிந்தது என்னால் முடியாதா? வீட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து என் பையனை ஸ்டூலில் உட்காரவைத்தேன். வலது பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது, அதைச் சரிசெய்ய இடது பக்கம் கொஞ்சம் ஏற்றினேன், பிறகு மறுபடி வலது பக்கம். கடைசியில் சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போய் மொட்டை அடிக்கவேண்டி வந்தது. சலூன்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யாரு சார் வெட்டினது, எலியா?" என்று கேட்டார். பையன் ஒரு மாதம் பள்ளிக்கூடத்துக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போனான்.

அப்புறம் அந்தப் பை. சீட்டுக்கு வெட்டியதுபோக மிஞ்சும் ரெக்சின் துண்டுகளை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பட்டறை வாசலைத் தாண்ட என் கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். சகலை வந்து, "அண்ணே, கொஞ்சம் துண்டு எடுத்துக்கிறேன், ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றான். நான் வேலை இருப்பதுபோல் இரண்டு நாள் இழுத்தடித்தேன். அவன் கோபப்படவில்லை. மூன்றாம் நாள் வந்து அதே குரலில் அதே வார்த்தையைச் சொன்னான். போட்டுத் தொலைத்தேன்.

அந்தத் துண்டுகளில் அவன் மகளுக்குப் புத்தகப் பை தைத்தான். பஸ் சீட்டின் அதே மெரூன் நிறம், ஓரத்தில் அதே வெள்ளைப் பட்டி. வகுப்பில் பிள்ளைகள், "பஸ் சீட்டு, பஸ் சீட்டு!" என்று கத்தியிருக்கிறார்கள். அந்தக் குட்டி அழவில்லை. பையைப் பெஞ்சில் வைத்து, "டிக்கெட் எடுத்தவங்க மட்டும் உக்காருங்க" என்றிருக்கிறாள். மறுநாள் பாதி வகுப்பு அந்தப் பைக்கு வரிசையில் நின்றதாம். இதை என்னிடம் வந்து சொன்னது யார்? அதே பள்ளியில் படிக்கும் என் மகள். அவளுடைய கடைப் பையில் ஜிப் பிய்ந்து ஊக்குப் போட்டிருந்தது. "எனக்கும் சித்தப்பா பைதான் வேணும்" என்று ஒரே அழுகை. அவள் அழுது முடிப்பதற்குள், அவளுக்கும் ஒன்று தைத்து எடுத்துக்கொண்டு அவன் வாசலில் வந்து நின்றான். எனக்கு எப்படி இருந்திருக்கும்!

"என் பொண்ணு பஸ் சீட்டைத் தூக்கிட்டு அலையணும்னு ஒண்ணும் தலையெழுத்து இல்ல" என்று அவன் போனபிறகு சத்தம் போட்டேன். மறுநாள் காலையில் மகள் அதைத் தூக்கிக்கொண்டுதான் போனாள்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பட்டறை மேனேஜர் வந்த கதையைத்தான் பொறுக்க முடியவில்லை. தன் மகளுடைய கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஒரே நாளில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் வந்தார். எங்கள் வீட்டில் பால் இல்லை. நான் கண்ணைக் காட்ட, என் மனைவி டம்ளரோடு பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். "நேத்து வாங்கிட்டுப் போனதே இன்னும் வரல" என்று அந்த அம்மாள் சொன்னது முன்னறை வரைக்கும் கேட்டது. மேனேஜர் சுவரிலிருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். அங்கே சகலை என்ன செய்தானாம்? "சார், பால் இல்ல. கறுப்பு டீதான். ஆனா சூடா இருக்கும்" என்று நேராகச் சொல்லிவிட்டு ஊற்றிக் கொடுத்தானாம். "ரெண்டு டம்ளர் குடிச்சேன்யா, பிரமாதம்" என்று மேனேஜர் மறுநாள் என் ஸ்டோர் வாசலிலேயே நின்று இன்னொருவரிடம் சொல்கிறார். பால் இல்லை என்ற இரண்டு வார்த்தை என் வாயில் வரவில்லை, அவன் வாயில் வந்தது. அதற்காக ஒரு மனுஷன்மேல் வயிறு எரியுமா என்று கேட்டால், எரிந்தது.

ஆனால் எனக்கு உண்மையில் மேனேஜரைப் பற்றியோ, பையைப் பற்றியோ கவலை இல்லை. என் மனைவி என்ன நினைக்கிறாள் என்பதுதான் கவலை. அவள் வாயைத் திறந்து ஒரு நாளும் என்னை அவனோடு ஒப்பிட்டதில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் நானே கிளறுவேன்.

"உன் தங்கச்சி புருஷன்தான் பெரிய ஆளுன்னு சொல்லேன். சொல்லிட்டுப் போயேன்."

"நான் எதுவுமே சொல்லலையே."

"மனசுல நினைக்கிறல்ல?"

"சோறு ஆறுது. சாப்பிடுங்க."

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். வேறு வீடு பார்க்கப் போனால், கேட்கிற முன்பணத்தில் தலை சுற்றியது. சகலைக்கும் நிலைமை மோசம்தான். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை மாறவேண்டும், மைத்துனி வேறு ஐந்து மாத கர்ப்பம். அந்தச் சமயத்தில் மாமனார் வீட்டின் மாடி காலியானது. இரண்டு அறை, சமையல்கட்டு, உள்ளேயே குழாய்.

மாமனார் மின்சார ஆபீஸில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வுபெற்றவர். அளந்துதான் பேசுவார். எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, "மாடியை வாடகைக்கு விடப் போறதில்ல. ரெண்டு பொண்ணுல ஒருத்தி வந்து இருக்கட்டும். யாருன்னு அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றார்.

அந்த வாரம் எனக்குத் தூக்கம் போயிற்று. கிழவர் சிக்கனக்காரர். தேவையில்லாமல் ஒரு விளக்கு எரியவிடமாட்டார். அவருக்குப் பிடித்த மாப்பிள்ளை யார் என்று ஜோசியம் பார்த்தா தெரிந்துகொள்ளவேண்டும்? மாடி அவனுக்குத்தான் என்று என் மனம் முடிவே கட்டிவிட்டது. அவன் வீட்டையும் தட்டிக்கொண்டு போய்விட்டால், என் மனைவியின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? புதன்கிழமை சாயங்காலம் தனியாகப் போய் மாமனாரைப் பார்த்தேன். சுற்றி வளைத்து, வெயிலைப் பற்றிப் பேசி, கடைசியில் விஷயத்துக்கு வந்தேன்.

"சின்னவருக்கு வெளியில சீட் தைக்கிற வேலை நிறைய வருதாம் மாமா. கையில நல்லா ஓடுதுன்னு பட்டறையில பேசிக்கிறாங்க. நாமதான் பாவம்னு நினைச்சிட்டு இருக்கோம்."

பட்டறையில் யாரும் அப்படிப் பேசவில்லை. மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியா?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். "பெரிய மாப்பிள்ளை மாடிக்கு வந்துடட்டும்" என்றார் மாமனார். எனக்கு வாயெல்லாம் பல். சகலையின் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். சுண்டிப்போகும், ஈயாடாது என்று எதிர்பார்த்தேன். அவன், "நல்லதுண்ணே. எப்ப மாறணும்னு சொல்லுங்க, பட்டறைத் தள்ளுவண்டியைக் கேட்டு எடுத்துட்டு வர்றேன்" என்றான். மைத்துனியின் கண் மட்டும் கொஞ்சம் கலங்கியது, உடனே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனிடமிருந்து ஒரு பெருமூச்சாவது வந்திருந்தால் என் வெற்றி முழுசாகியிருக்கும். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை அவனை ஜெயித்திருக்கிறேன், அதுவும் எல்லோர் முன்னாலும்.

அடுத்த ஞாயிறு குடிமாறினோம். சகலை மூன்று நடை வண்டி தள்ளினான். நான் முன்னால் நடந்தபடி வழி காட்டினேன். அவன் நான்காவது நடைக்குப் போயிருந்தபோது மாமனார் மெல்ல மாடி ஏறி வந்தார். என் மனைவி சமையல்கட்டில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் விழட்டும் என்று நான் சத்தமாகவே சொன்னேன்.

"ரொம்ப நன்றி மாமா. என்மேல நம்பிக்கை வச்சுக் குடுத்திருக்கீங்க."

மாமனார் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "நம்பிக்கையா?" என்றார். "நான் சின்னவருக்குத்தான் குடுக்கணும்னு இருந்தேன். புள்ளத்தாச்சிப் பொண்ணு மழையில ஒழுகுற இடத்துல கிடக்குறா. பெரியவ செவ்வாக்கிழமை வந்து ஒரே அழுகை. 'தங்கச்சி வீட்டுக்காரரை நடுத்தெருவுல விட்டாக்கூடக் குடும்பத்தைக் காப்பாத்திடுவாருப்பா. இவரால முடியாது. இவர் உடைஞ்சு போயிடுவாரு. எங்களுக்குக் குடுங்க'ன்னா. பெத்த மனசு, என்ன செய்ய?"

செவ்வாய்க்கிழமை. நான் போய்ப் பொய் சொன்னதற்கு முதல் நாள். என் பொய்கூட இந்த வீட்டை எனக்கு வாங்கித் தரவில்லை. மாமனார் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துப் படி இறங்கிப் போனார்.

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. நான் வாசற்படியில் போய் நின்றேன்.

"சொன்னியா?"

"சொன்னேன்." அவள் திரும்பவில்லை.

"இத்தனை நாள் நான் கேட்டப்ப ஒண்ணும் இல்லன்ன."

"உங்ககிட்ட எப்படிங்க சொல்றது?" என்றாள். "நீங்க தாங்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதானே, என் தங்கச்சி வயித்துல அடிச்சு இந்த வீட்டைக் கேட்டு வாங்கினேன்."

கீழே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

"அண்ணே, பீரோ வந்தாச்சு! ஒரு கை குடுங்க" என்று சகலை கூப்பிட்டான்.

இறங்கிப் போனேன். எங்கள் இரும்பு பீரோவைப் படியேற்றும்போது மேல் பக்கம் பிடிப்பவனுக்கு வழி பார்க்கிற வேலைதான். கீழே நிற்பவன் தோளில்தான் பாரம் முழுக்க இறங்கும். இன்றைக்காவது அந்தப் பக்கத்தை நான் பிடிக்கவேண்டும் என்று இருந்தது. அவன் ஏற்கெனவே குனிந்து தோளைக் கொடுத்திருந்தான்.

"நீங்க மேல போங்கண்ணே" என்றான்.

நான் மேலே போனேன். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.