தண்ணீர் போகும் வழி

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் செம்பு உலோக உறுப்பின் விளிம்போடு சாய்த்து, ஒளி எங்காவது தடுக்குகிறதா என்று பார்க்கிறார் ஒர்னெல்லா பிரெஸ்ஸான். மயிரிழையில் பத்தில் ஒரு பங்கைக்கூட அளக்கும் கருவி பக்கத்திலேயே இருக்கிறது. “அது அளக்கட்டும். நான் பாக்குறேன்” என்பார்.

பாதுவா நகருக்கு வெளியே, சோளக்கொல்லைகளுக்கு நடுவே நிற்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில், புரோட்டான்களைக் கூட்டங்கூட்டமாக விரட்டும் எந்திரத்துக்கு உள்ளுறுப்புகளை வடிவமைப்பது அவர் வேலை. நான் வெற்றிடப் பிரிவு. அவர் வடிவமைத்ததில் காற்றுப் புகும் ஓட்டை தேடுவதுதான் என் பிழைப்பு. இருந்தும் நண்பர்கள்.

‘நன்றாக இருக்கிறது’ என்று அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அவருடைய உச்சகட்டப் பாராட்டு “ஒழுகல” என்பதுதான். தங்கை சமைத்த கருவாட்டுக் குழம்புக்கும் அதே சான்றிதழ். இளம் பொறியாளர்கள் புது வரைபடத்தோடு வந்தால் உட்காரக்கூடச் சொல்வதில்லை. “தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு முதல்ல சொல்லு. அழகெல்லாம் அப்புறம் பாக்கலாம்.” அவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் தண்ணிக்காரம்மா. அது அவருக்கும் தெரியும்.

அந்தத் தண்ணீர்ப் பேச்சுக்குப் பின்னால் அவருடைய பழைய சகா டிசியானோ மெனெகாத்தி இருக்கிறார். இந்த எந்திரத்தை முதலில் இருவரும் சேர்ந்துதான் வடிவமைத்தார்கள். முதுகோடு முதுகாக மேசை, ஒரே தட்டில் பொலெந்தா என்னும் சோளக்களி, நாள் முழுக்கச் சண்டை. செம்புக்குள் பாயும் மின்சாரம் அதைச் சூடாக்கும். உள்ளே துளைத்த வாய்க்கால்களில் ஓடும் நீர் அதைக் குளிர்விக்க வேண்டும். வாய்க்காலைச் செம்பின் கூர்முனைக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோக வேண்டும் என்றார் டிசியானோ. சுவர் மெலிந்து, பற்றவைக்கும் உலையில் பிளந்துவிட்டால் நீர் வெற்றிடத்துக்குள் புகுந்து எல்லாம் பாழ் என்று பயந்தார் ஒர்னெல்லா. தலைமை அவரிடம் இருந்தது. அவர் வரைந்ததே நிலைத்தது. டிசியானோ வேலையை விட்டுவிட்டு, காப்பி எந்திரங்களுக்குக் கொதிகலன் செய்யும் ஆலைக்குப் போய்விட்டார்.

எந்திரம் ஓடியது. ஆனால் முழு வலுவில் ஓட்டினால் முனை சூட்டில் வீங்கி, மின்னலையின் சுருதி விலகி, தானாகவே அணைந்துவிடும். ஆகவே பாதி வலுவில்தான் ஓட்டுகிறோம். புற்றுநோய் மருந்துக்கென்று மருத்துவர்கள் எங்களிடம் கேட்கும் கதிர்ப்பொருளிலும் பாதிதான் கிடைக்கிறது. யாரும் ஒர்னெல்லாவைக் குறை சொன்னதில்லை.

இந்த இலையுதிர்காலத்தில் ஒர்னெல்லா வரைந்த புதிய உறுப்பு ஒன்று உலையிலிருந்து வந்தது. வாய்க்கால், டிசியானோ சொன்ன இடத்தில். நான் ஓட்டை தேடினேன். இல்லை. சோதனையில் முழு வலுவையும் தாங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒர்னெல்லா என்னையும் ஏற்றிக்கொண்டு, மூடுபனியில், டிசியானோ இருக்கும் கொனேலியானோவுக்கு வண்டியை விட்டார்.

டிசியானோவின் மனைவி லொரெதானா எங்களைச் சமையலறையில் உட்காரவைத்தார். டிசியானோ ஒயின் ஊற்றினார். கொதிகலன் பற்றிக் கொஞ்சம், முழங்கால் வலி பற்றிக் கொஞ்சம் பேச்சு. பிறகு ஒர்னெல்லா நேராகவே சொன்னார்.

“நீ சொன்னதுதான் சரி, டிசியானோ. செஞ்சு பாத்துட்டோம். சுவர் தாங்குது.”

டிசியானோவின் முகம் முதலில் மலர்ந்தது. பிறகு எதையோ கூட்டிப் பார்ப்பதுபோல் நின்றது.

“பழசு சரியா வரலன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது?”

“ஓட்ட ஆரம்பிச்ச முதல் வருஷமே.”

லொரெதானா தட்டு எடுப்பதை நிறுத்தினார்.

“என் கணக்குதான் தப்புன்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்” என்றார் டிசியானோ. குரலில் கோபம் இல்லை. “அதுக்கப்புறம் நான் வரையவே இல்ல, ஒர்னெல்லா. அடுத்தவன் வரைஞ்சதத்தான் செஞ்சு குடுக்குறேன். ஒரு போன் போட்டிருக்கலாம்.”

“போட்டிருக்கணும்” என்றார் ஒர்னெல்லா. வெட்கமாக இருந்தது, பிறகு நாளாகிவிட்டது, நாளானதே வெட்கமாகிவிட்டது என்று தாழ்ந்த குரலில் ஏதோ விளக்கப் பார்த்தார். வந்து அந்த உறுப்பைப் பார்க்கும்படி கேட்டார். தனக்கு இனி அதெல்லாம் வேண்டாம் என்று டிசியானோ சொல்லிவிட்டார்.

வெளியே மூடுபனி இன்னும் அடர்ந்திருந்தது. முற்றம் குறுகல், ஒரு பக்கம் வாய்க்கால் பள்ளம். ஒர்னெல்லா வண்டியைப் பின்னால் எடுக்கத் திணறினார். வீட்டுச் செருப்போடு டிசியானோ இறங்கி வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. வண்டியின் பின்புறத்தில் உள்ளங்கையை வைத்து, ஈர மண்ணில் பின்னோக்கி நடந்தபடியே, தட்டித் தட்டி வழி சொல்லிச் சாலைவரை கொண்டுவந்து விட்டார்.