சமைக்கக் கூடாத அறையில் தாளிப்புச் சத்தம்

என்னோடு வேலை செய்யும் வெய் மிங் என்ற சீன இளைஞன் ஓய்வு நேரத்தில் கைப்பேசியில் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு சோப்புக் கட்டியை நகத்தால் டொக் டொக் என்று தட்டிக்கொண்டிருந்தாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஏதாவது நடக்கும் என்று நானும் எட்டிப் பார்த்துக் காத்திருந்தேன். அதற்குள் அவன் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். எழுந்த பிறகு கேட்டால், தூக்கம் வரவழைக்கும் இந்த மாதிரிச் சத்தங்களுக்கு ஏஎஸ்எம்ஆர் என்று பெயராம். "யூ ட்ரை லா, அங்கிள். வெரி ஷியோக்," என்றான். ஷியோக் என்றால் இந்த ஊரில் பரம சுகம். நாற்பது வயதில் அங்கிள் ஆனது எனக்கு அவ்வளவு சுகமாக இல்லை.

ஆனால் தூக்கம் எனக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் ஆங் மோ கியோ பகுதியில் உள்ள வாடகை அறையில் புரண்டு புரண்டு படுத்தும் கண் மூடாது. பிறகு இயந்திரத்தின் முன்னால் நிற்கும்போது மட்டும் தாராளமாக மூடும். சரி, பார்ப்போம் என்று ஒரு வீடியோவைப் போட்டேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் என் காதுக்குள் குசுகுசுவென்று பேசினாள். நம் ஆட்களுக்குக் காதோடு ஒருவர் குசுகுசுத்தால் தூக்கமா வரும்? யார் வீட்டு விஷயமோ என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கடைசிவரை யாருடைய பெயரும் வராததில் பெரிய ஏமாற்றம்.

திருச்சியிலும் எனக்கு இரவு வேலைதான். காலையில் வந்து கூடத்தில் சாய்வேன். சமையல்கட்டில் என் மனைவி சுமதி தாளிப்பாள். கடுகு வெடித்து முடிவதற்குள் தூங்கியிருப்பேன். அதனால் தாளிக்கும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லி அவளிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ஊர் உலகத்துல புருஷங்க பொண்டாட்டி போட்டோ கேப்பாங்க, நீங்க கடுகு கேக்குறீங்களா?" என்றாள். ஆனாலும் அனுப்பினாள்.

காதில் எதையாவது மாட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தால் வலிக்கும். கைப்பேசியைத் தலையணை அருகில் சத்தமாக வைத்தேன். எண்ணெய் சலசலத்தது, கடுகு படபடத்தது. கண் சொருகும் நேரத்தில் சுமதியின் குரல் ஏதோ சொன்னது; உடனே கதவு இடிபட்டது.

வீட்டுக்காரர் மல்லிகா அக்கா. இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தனி ஆள், மூன்று வேளையும் கடைச் சாப்பாடுதான். அடுப்பு அழுக்காகக் கூடாது என்று அலுமினியத் தாள் போட்டு மூடி வைத்திருப்பார். அறை கொடுக்கும்போதே இரண்டு நிபந்தனை போட்டிருந்தார்: சமைக்கக் கூடாது, ஆள் கூட்டி வரக் கூடாது.

"என்ன தம்பி, ரெண்டு ரூலையும் ஒரே நேரத்துல பிரேக் பண்றீங்க லா! யாரு அந்தப் பொம்பள? நாளைக்கே ரூமைக் காலி பண்ணுங்க."

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அலமாரியைத் திறந்து மோந்து பார்த்தார். "வாசனையே இல்ல. எப்படி சமைக்கிறீங்க?"

இந்த வாடகைக்கு வேறு அறை எங்கே கிடைக்கும்? கைப்பேசியை நீட்டி மறுபடி ஓடவிட்டேன். கடுகு வெடித்தது. உளுந்து சிவக்கும் நேரம் சின்ன அமைதி. பிறகு சுமதியின் குரல்: "கருவேப்பிலை போடறேன், தள்ளி நில்லுங்க."

லீவு நாட்களில் நான் அடுப்படியில் அவள் பக்கத்தில் நிற்பேன்; அந்தப் பழக்க தோஷத்தில் சொல்லியிருக்கிறாள். நான் கடல் தாண்டி நிற்பது அவளுக்கு அந்த நேரத்தில் ஞாபகமில்லை. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இன்னொரு வாட்டி போடுங்க," என்றார். கேட்டு முடித்ததும், "சரி, இருங்க. ஆனா சவுண்ட் மட்டும்தான், ஓகே?"

தூக்கம் வந்தது. கூடவே என் குறட்டையும் திரும்பி வந்தது. இந்த நேரம் பார்த்து சுமதி, "எனக்கு மட்டும் தூக்கம் வேண்டாமா? உங்க குறட்டை இல்லாம வீடே வெறிச்சுனு கிடக்கு," என்றாள். தூங்குகிறவன் தன் குறட்டையை எப்படிப் பதிவு செய்வது? மல்லிகா அக்காவிடம் யோசனை கேட்டேன். அவர் சலிப்போடு தன் கைப்பேசியை எடுத்தார். "எங்கிட்ட நிறைய இருக்கு. உங்ககிட்ட கம்ப்ளெயின் பண்ணத்தான் ரெக்கார்ட் பண்ணி வச்சேன்."

இப்போது என் குறட்டை திருச்சியில் குடியிருக்கிறது. சுமதி அதைத் தலைமாட்டில் ஓடவிட்டு, அரைத் தூக்கத்தில் "திரும்பிப் படுங்க" என்று அதட்டுகிறாளாம். அது கேட்பதில்லை. இங்கே நான் கேட்கிறேன். அவள் கருவேப்பிலை போடும்போதெல்லாம், ஆங் மோ கியோக் கட்டிலில் கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொள்கிறேன்.